ஒன்றிலும் கைவைக்க வேண்டாம்

17 அக்டோபர் 1987, சனி

இந்திய ஆமி யாழ்ப்பாணத்துக்குள் சண்டைக்கு இறங்கின மாதம். அதே மாதம்தான் லண்டனில் காற்று மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டது. வருசம் எது என்று யாரும் கேட்டால் நான் இப்படித்தான் சொல்லுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மகள் தவநாயகி எழுதுகிறாள். வருசம் முடியப் போகுதென்று அவள் வேலை செய்கிற கடையில் சும்மா கொடுத்த டயறி. அச்சடித்த திகதியை வெட்டிவிட்டு எங்கள் திகதியைப் போடுகிறோம்.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு பழைய தோட்டம். அதில் இருந்த வெள்ளைக்காரச் சீமானின் வீடு எந்தக் காலத்திலோ எரிந்துபோய்விட்டது. ஒரு குளமும் கரையில் எட்டுத் தூண் மண்டபமும்தான் மிச்சம். இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருசமும் காலமையில் நான் போய்க் குந்துகிற இடம் அதுதான். நேற்று விடிந்ததும் மருமகனோடு போய்ப் பார்த்தேன். பெரிய தேவதாரு மரம் மண்டபத்தின் மேல் படுத்துக் கிடக்கிறது. ஐந்து தூண் விழுந்துவிட்டது.

"ஊரிலை ஷெல் விழுது. நீங்கள் இஞ்சை மரம் விழுந்ததுக்கு அழுறியள்" என்றார் மருமகன் ஆனந்தராஜா.

நான் அழவில்லை. காற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்தானே?

20 அக்டோபர்

ஊருக்கு ரெலிபோன் லைன் கிடைக்கவில்லை.

8 நவம்பர்

மண்டபத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு மட்டையில் எதையோ எழுதித் தொங்கவிட்டிருக்கிறார் தோட்டத்துக் காவல்காரர் டெரிக். தவநாயகியைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொன்னேன். புயலில் சேதமான பழைய இடங்களைத் திருத்த அரசாங்கம் கிராண்ட் என்று உதவிப்பணம் கொடுக்கிறதாம். கவுன்சில் கேட்டு எழுதியிருக்கிறதாம். ஆட்கள் வந்து பார்த்துப் படம் பிடிக்கும்வரை ஒரு கல்லையும் அசைக்கக் கூடாதாம்.

"ஏன் அப்பா, முகம் ஒரு மாதிரிப் போட்டுது?"

மட்டையில் இருந்த அந்தக் கடைசி வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இருபத்திமூன்று வருசத்துக்கு முன், வேறு ஒரு கரையில்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட மார்கழி, எங்கள் ஊரிலும் அதே காற்று. எங்களிடம் ஒல்லாந்தர் காலத்து மடம் ஒன்று இருந்தது. முன்னாளில் சிதம்பரத்துக்குக் கப்பலேறப் போனவர்கள் தங்கினது. கடலில் வெட்டின முருகைக்கல்லால் பன்னிரண்டு தூண். மூன்று தூண் விழுந்தது, கூரையும் போனது. பழைய கட்டடங்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு, என் பேரில் விண்ணப்பம் எழுதினவன் யாக்கோப்பு. ஊராருக்குப் பெட்டிசம், மனு எழுதிக் கொடுக்கிறவன். என் சிநேகிதன். நான் வண்டில்காரன். என் வாயில் வருகிறது அவன் கையால் காகிதத்தில் இறங்கும். கடைசியில் என் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து அழுத்துவான். "மையை வேட்டியிலை துடையாதை. உன்ரை மனிசி எனக்குத்தான் பேசும்" என்பான்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வந்து பார்க்கும்வரை ஒன்றிலும் கைவைக்க வேண்டாம் என்று. ஆனால் தை பிறக்கப்போகிறது. ஊர்ப் பொங்கல்பானை அந்த மடத்துக்கு முன்தான் ஏறும். இடிந்த முகத்தைக் காட்டிக்கொண்டு சூரியனுக்கு எப்படிப் பானை வைக்கிறது? பொங்கலுக்கு முதல்நாள் ஏழு பேர் இறங்கினோம். தூண்களை நிமிர்த்தி, சீமெந்து பூசி, கிடுகு வேய்ந்து, வெள்ளையும் அடித்தோம். யாக்கோப்பு வேலியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பொங்கலுக்கு மூன்றாம் நாள் ஜீப்பில் உத்தியோகத்தர் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். "இடிஞ்சது எங்கை? வடிவாத்தானே இருக்கு" என்றார். ஏறிப் போய்விட்டார். உதவிப்பணம் வரவில்லை. ஐந்தாம் வருசம் எங்கள் சீமெந்து தூண்களைக் கைவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்றைக்குச் சொல்ல ஏலாது.

29 நவம்பர்

யாக்கோப்பு லண்டனின் மறுபக்கம், ஸ்ட்ரெதமில் இருக்கிறானாம். ஒரு செத்தவீட்டில் மருமகன் கண்டிருக்கிறார். தலை முழுக்க வெள்ளையாம். என்னைக் கேட்டானா? கேட்கவில்லையாம்.

தைப்பொங்கல், 1988

குளிரில் பின்வளவில் பொங்கினோம். மருமகன் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். நெருப்புப் பிடித்த பிறகுதான் பார்த்தேன். ஒரு கல்லில் இலை செதுக்கியிருந்தது. மண்டபத்தில் குளப்பக்கத்து இரண்டாம் தூணின் அடிக்கல்.

பானைக்கு முன்னால் நின்று சண்டை பிடிக்கிறதா? பொங்கி வழிந்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"அது உடைஞ்ச கல்லு மாமா. கயித்துக்கு வெளியிலை கிடந்தது."

"வெளியிலை கிடக்கேல்லை. உள்ளுக்கை, முகம் குப்புறக் கிடந்தது. மற்ற ரெண்டும் அதுக்கு இடப்பக்கம்."

"கல்லுக்கும் பேர் பதிஞ்சு இடாப்பு வைச்சிருக்கிற ஆள் உலகத்திலை இவர் ஒருத்தர்தான்!"

அடுப்புக்குக் கல் தேடி வரச் சொன்னது தவநாயகி. இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது பிள்ளை.

மறுபடியும் காற்று. மறுபடியும் பொங்கல். மறுபடியும் நாங்கள்தான்.

19 ஜனவரி 1988

கடைக்கு இழுத்துப்போகிற சில்லுப் பையில் மூன்று கல்லையும் வைத்து நானும் தவநாயகியும் போனோம். எங்கள் கெட்டகாலம், கிராண்ட் கொடுக்கிற கந்தோரிலிருந்து ஓர் அம்மா அங்கே நிற்கிறா. கையில் மார்கழியில் பிடித்த படங்கள். மூன்று கல் குறைகிறதென்று டெரிக்கோடு கதைத்துக்கொண்டு நிற்கிறா. நான் பையைத் திறந்தேன். கரி பிடித்த கல்லைக் கண்டதும் டெரிக்கின் முகம் சிவந்துபோனது.

"ஆர் எடுத்தது எண்டு கேக்கினம், அப்பா."

"நான் எண்டு சொல்லு."

"அப்பா, நீங்கள்—"

"நான் எண்டு சொல்லடி!"

சொன்னாள். எங்கே கிடந்தது என்று அந்த அம்மா கேட்டா. நான் கயிற்றைக் குனிந்து கடந்து போய் மூன்றையும் வைத்தேன். இலைக்கல் குப்புற. அடுத்தது அதற்கு ஒரு சாண் தள்ளி, பிளந்த பக்கம் குளத்தைப் பார்க்க. மூன்றாவது பாதி மண்ணுக்குள். அவ படத்தைப் பார்க்கிறா, கல்லைப் பார்க்கிறா, திரும்பப் படத்தைப் பார்க்கிறா. நான் மடியில் இருந்த துவாயால் கரியைத் துடைக்கப் போனேன். வேண்டாம், அப்படியே விடுங்கள் என்றா. கரியையும் சேர்த்துத் தன் கொப்பியில் எழுதினா.

கிழவனின் தலைக்குள் கமெரா இருக்கிறது என்று டெரிக் சொன்னாராம்.

திரும்பி வரும்போது தவநாயகி கேட்டாள். "செய்யாததை ஏன் ஏத்துக்கொண்டியள்?"

சில்லு ஒரு பக்கம் கிரீச்சிட்டுக்கொண்டே வந்தது.

3 பெப்ரவரி 1988

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லுகிறேன். நிறுத்தாமல் எழுது பிள்ளை.

கொழும்புக் கடிதம் என் பேருக்குத்தான் வந்தது. யாக்கோப்பு எனக்கு இரண்டுதரம் வாசித்துக் காட்டினான். "இதை நீதான் மற்றவைக்குச் சொல்லவேணும், கடிதம் உன்ரை" என்றான். நான் சொல்லவில்லை. பொங்கல் வருது, அவன்கள் எப்ப வருவான்களோ என்று விட்டுவிட்டேன். தூணைத் தூக்குகிற அன்றைக்கு அவன் வேலியோடு நின்றது என்னைப் பார்த்துக்கொண்டுதான். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான் என்று நின்றிருக்கிறான்.

ஜீப் போன பிறகு ஊர் கூடினது. கடிதத்தில் என்ன கிடந்தது என்று எங்களோடு தூண் தூக்கின நன்னியர் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்க்கினம். நான் என்ன சொன்னேன்?

"எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த வரியை யாக்கோப்பு எனக்கு வாசிக்கேல்லை."

ஒருதரம் காதில் விழுந்ததை மறக்காதவன் என்று ஊருக்கே தெரிந்த நான். கடிதம் அப்போது அவன் சட்டைப் பையில். எடுத்துக் காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான். வரி விட்டு வாசிக்கிறவனுக்கு அதன் பிறகு யார் பெட்டிசம் கொடுப்பினம்? சித்திரைக்கு முன் மேசையை விற்றுப்போட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். பஸ் எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் போனது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். நிமிரவில்லை.

தவநாயகி பேனையை வைத்துவிட்டாள். "இது அம்மாவுக்குத் தெரியுமே?"

தெரியாது. தெரியாமலே செத்தாள்.

17 ஏப்ரல் 1988

ஸ்ட்ரெதமுக்குத் தனியப் போனேன். ரயிலும் இரண்டு பஸ்ஸும். பலகை வாசிக்கத் தெரியாதவன் எப்படிப் போவான் என்று மருமகன் கேட்டார். அவரே முன்பு பேச்சோடு சொன்ன அடையாளங்கள்தான். சிவப்புத் தேவாலயம், பிறகு மூலையில் மீன் பொரிக்கிற கடை, அதிலிருந்து ஆறாவது வாசல். பிழைக்கவில்லை. ஜன்னலுக்குள் அவன் இருந்தான். மேசையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டு. இடது கையால் காகிதத்தைப் பிடிக்கிற அதே விதம்.

மணியை அழுத்தினால் என்ன? விரல் எழும்பவில்லை. வந்த வழியே வந்துவிட்டேன்.

யாருக்கு எழுதிக்கொண்டிருந்தான்?

11 அக்டோபர் 1988

கிராண்ட் கிடைத்துவிட்டதாம். டெரிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு.

25 ஜனவரி 1990

மறுபடியும் பெருங்காற்று, பட்டப்பகலில். விழுந்த ஐந்தில் மூன்று தூண் நிமிர்த்தியிருந்தார்கள். அடங்கினதும் ஓடிப் போய்ப் பார்த்தேன். நிற்கிறது.

9 ஜூன் 1991

ஊரிலிருந்து கடிதம். மிஞ்சியிருந்த மடமும் ஷெல்லடியில் போய்விட்டது. இனி அங்கே பார்க்க எந்த ஜீப்பும் வரத் தேவையில்லை. திருத்த ஒன்றும் இல்லை. எந்தக் கல் எங்கே இருந்தது என்று என் தலையில் இருக்கிறது. அவன் தலையிலும் இருக்கும்.

1988 பெப்ரவரி 3 எழுதின பக்கத்தை இன்னொரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு வரியும் விடாமல். தவநாயகி எழுதி, வாசித்தும் காட்டினாள். கீழே கைநாட்டு வைக்கவேண்டும். வீட்டில் மைப்பெட்டி இல்லை, பேனையை உடைத்து மை எடுத்தாள். வைத்தேன். விரலைக் காற்சட்டையில் துடைத்தேன். பேச மனிசியும் இல்லை.

இன்றைக்கே ஸ்ட்ரெதமுக்குத் தபாலில் போட்டாயிற்று.

1 செப்டம்பர் 1991

பதில் இல்லை.

நத்தார் (கிறிஸ்மஸ்), 1991

இல்லை. எனக்கு எப்படிக் காப்பாற்ற ஒரு முகம் இருந்ததோ, அவனுக்கும் ஒரு முகம் இருக்கும்தானே. எழுதாமல் விடுகிறது அவன் உரிமை. ஆனாலும் கதவில் தபால் விழுகிற சத்தத்துக்கு நான்தான் முதல் எழும்புகிறேன்.

24 மே 1992, ஞாயிறு

இண்டைக்கு எழுதிறது தவநாயகி இல்லை. எழுத்து மாறினது தெரியும். "நீ பேசிற மாதிரியே எழுதிறன், திருத்த மாட்டன்" எண்டு இந்த ஆள் சொல்லுது.

மண்டபம் முடிஞ்சு திறந்து மூண்டு கிழமை. எட்டுத் தூணும் நிக்குது. காலமை அதுக்குள்ளை இருக்கிறன், பொல்லு ஊண்டிற சத்தம் கேட்டுது. டெரிக் எண்டு நினைச்சன். நிமிர்ந்து பாத்தன். தலை முழுக்க வெள்ளை. வீட்டிலை தவநாயகியைக் கேட்டு, அங்கை வந்திருக்கு. பக்கத்திலை இருந்தது. இலைக்கல்லைக் காட்டினன். ஒரு ஓரத்திலை கரி இன்னும் கிடக்கு.

பிறகு சட்டைப் பையிலையிருந்து என்ரை தாளை எடுத்துது. மடிப்பெல்லாம் பிஞ்சு போச்சு.

"கைநாட்டுச் சரிஞ்சு கிடக்கு. பிடிக்க ஆள் இல்லைப் போலை."

"இல்லை."

"அந்தக் கொழும்புக் கடிதம் எண்பத்திமூண்டுக் கலவரத்திலை வீட்டோடை எரிஞ்சு போச்சு. நீ சொல்லு பாப்பம்."

சொன்னன். தலைப்பு, இலக்கம், திகதி. "தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. எமது உத்தியோகத்தர் நேரில் வந்து பார்வையிடும் வரை இடிந்த தூண்கள், கற்கள், கூரை ஒன்றிலும் கைவைக்க வேண்டாம்." கடைசிக் கையெழுத்து வரைக்கும்.

"ஒரு சொல் பிசகேல்லை" எண்டான். "அப்ப உனக்குக் கேட்டதுதான்."

"கேட்டது மச்சான். ரெண்டுதரமும் கேட்டது."

அவன் குளத்தைப் பாத்தான். "பதில் எழுத எத்தினைதரம் இருந்தனான் தெரியுமே? ஊருக்கெல்லாம் எழுதின கை. உனக்கு எழுதினால் இன்னொருத்தர்தானே உனக்கு வாசிக்கவேணும்? அதுதான் வந்தனான்."

வீட்டை வந்து சாப்பிட்டம். டயறியை அவன்ரை கையிலை குடுத்தன். அண்டைக்கு மடத்திலை நிண்டவையின்ரை பேரையும் முடிவையும் எழுது எண்டன். நான் சொல்ல அவன் எழுதினான். கதிர்காமர், சலரோகம். நன்னியர், படுக்கையிலை, பேரப்பிள்ளையள் சுத்தி நிக்க. அம்பலவி, கடலுக்குப் போனவர், வள்ளம் மட்டும் வந்தது. பொன்னையர், எண்பத்திமூண்டு ஆடியிலை, கொழும்பிலை. சூசை, ஊரிலை, இஞ்சை தோட்டத்திலை மரம் விழுந்த அதே கிழமை. குகதாசன், எல்லாருக்கும் இளையவன், போன மாசம் ரொறன்ரோவிலை. ஏழாவது நான், அதை எழுத வேண்டாம்.

"முடிஞ்சுதே?" எண்டான்.

"இன்னும் ஒருத்தன் நிண்டவன். தூணைத் தொடாதவன். வேலியோடை கையைக் கட்டிக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டவன். எனக்கெண்டு மிஞ்சினவன் அவன் ஒருத்தன்தான்."

பேனை நிண்டிட்டுது.

"எழுதடா" எண்டன். "உயிரோடை இருக்கிறது, யாக்கோப்பு."