இரண்டு நாள் ஃப்ளோட்

ஐப்பசி 14, புதன்

சிறுமலைப் பாதையில் சிறுபாலம் கட்ட இன்று விடியற்காலையில் ரோட்டை வெட்டினோம். மலையிலிருந்து வந்த முதல் பஸ் பள்ளத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. அதிலிருந்து பாண்டியம்மாள் என்ற பெண் தன் கணவரைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கினார். கணவருக்கு இன்று திண்டுக்கல்லில் டயாலிசிஸ்.

"ரோட்ட வெட்டப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லலையே தாயி."

சொன்னேன். போன மாதம் ஊரில் கூட்டம் போட்டேன். வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, என் வேலை அட்டவணையில் 'ஸ்டேக்ஹோல்டர் ஒப்புதல்', அதாவது ஊர்க்காரர் சம்மதம், என்ற வரிக்குப் பச்சை அடித்தேன். அதுவும் ஒரு புதன்கிழமை. புதன்கிழமைகளில் இவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

சைட் ஜீப் சிமெண்ட் ஏற்றப் போயிருந்தது. அது வரப் பத்து மணி ஆகிவிட்டது. பலகை போட்டு அந்தக் கணவரைப் பள்ளம் தாண்ட வைத்து நானே கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டார்கள். இதுவரை போன் இல்லை.

இந்த வேலைக்கு என் அட்டவணையில் இரண்டு நாள் ஃப்ளோட், அதாவது தள்ளிப்போட இடம், இருந்தது. நாளைக்கு வெட்டியிருந்தாலும் முடிக்கும் தேதி மாறியிருக்காது. மழை வந்தால் உதவும் என்று தொடாமல் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் கிளம்பும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களால ஒங்க வேல கெட்டுப்போச்சா தாயி?"

"இல்லம்மா" என்றேன்.

உண்மைதான். அந்த இரண்டு நாளும் இன்னும் அப்படியே இருக்கின்றன.