என் பெயரில் இருந்த உன் போன்

இன்று காலை பால் காய்ந்துகொண்டிருந்தபோது என் போனில் உன் பெயர் மின்னியது. நீ போய் ஏழு வாரம் ஆகிறது. இம்மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். இருந்தும் உடனே எடுக்க முடியவில்லை. நான்காவது மணியில் எடுத்தேன். உன் கணவர்.

உன் எண்ணை அவர்தான் இப்போது வைத்திருக்கிறார். என்னிடம் அந்த எண்ணுக்கு இன்னும் உன் பெயர்தான்.

“மேடம், தொந்தரவு பண்றேன். இந்த போன்ல பழசு ஒண்ணுமே இல்லீங்க. பாப்பா தேடிட்டே இருக்கா. அவங்கம்மா பேசுனது எதாவது, கொஞ்சமாவது, உங்ககிட்ட இருக்குதுங்களா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை உன்னிடம்தான் கேட்க வேண்டும், வேறு யாரிடமும் கேட்க முடியாதபடி செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் வேதியியல் பாடம் நடத்தினேன், நீ ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டாய். பத்தொன்பது வருடம் ஒரே கட்டடம், ஒரே நெடி. தமிழ் எல்லையோரக் கோபிநத்தத்திலிருந்து கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள் நீ. கல்லூரியில் எல்லோரிடமும் கன்னடம், என்னிடம் மட்டும் உன் ஊர்த் தமிழ். நான் உன்னை நீ என்றேன், நீ என்னைக் கடைசிவரை நீங்க என்றாய். இதைப் பற்றி நாம் ஒருமுறையும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. மூன்று தடவை அலசி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாய். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் சீராக வழிந்து இறங்கும், அழுக்கு இருந்தால் அங்கங்கே திரண்டு நிற்கும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் மாணவர்கள் என்னை விட்டுவிட்டு நீ சொன்னதைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்: “துளி நின்னா போச்சு. மறுபடி கழுவு.”

ரசாயனங்கள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமில் ஒரு மதியம் நீ தனியாகப் பேசிக்கொண்டிருந்தாய். கதவைத் திறந்த எனக்கு முதலில் புரியவில்லை. போனை வாயருகே பிடித்து, தாழ்ந்த குரலில், நிறுத்தாமல். என்னைப் பார்த்ததும் அணைத்துவிட்டாய்.

“யாரோடு பேசுகிறாய்?”

“யாரோடயும் இல்லீங். வூட்ல அவிய சொல்றதுக்கெல்லாம் பதில் சொல்ல முடியறதில்ல. இங்க வந்து இதுகிட்ட சொல்லிருவேன். அப்பறம் சாயங்காலம் நல்லாச் சோறு போடலாம்.”

அவிய என்றால் உன் கணவர். அடிப்பாரா என்று கேட்டேன். படித்தவர்கள் கேட்கிற முட்டாள்தனமான கேள்வி.

“அடிச்சாத்தான் ஊருக்குத் தெரிஞ்சிருமே. வாய்தானுங் எல்லாம். ஆனா பாப்பாவுக்கு நல்ல அப்பன். அதும் நெசந்தான்.”

பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மதிய வேளையில் ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருந்தால் நான் நூலகப் பக்கம் போய்விடுவேன். அது மரியாதை என்று அப்போது நினைத்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என் பையில் நீயே போட்டாய். பாட்டிலுக்கு ஒட்டும் லேபிளில் போனைத் திறக்கும் நான்கு எண்களை எழுதி, போனின் பின்பக்கம் ஒட்டியிருந்தாய்.

“நான் எந்திரிச்சு வந்துட்டா திருப்பிக் குடுங். வரலைன்னா சுத்தமாத் துடைச்சு அவியகிட்டக் குடுங். அவியளுக்கு நல்ல போன் இல்ல. ஆனா உள்ள எதையும் கேக்காதீங். நீங்களும்தான்.”

“பாப்பா கேட்டால்?”

“அவளுக்குத்தான் முக்கியமாக் கூடாது.”

செய்கிறேன் என்றேன். அத்தோடு நிறுத்தாமல், இதெல்லாம் தேவைப்படாது என்றும் சேர்த்துச் சொன்னேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி நான் சொன்ன சில தருணங்களில் அது ஒன்று.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்முறைத் தேர்வுக்குத் தயாராவதுபோல முறைகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். முழுக்கச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற வேண்டும். கணக்கை நீக்கிவிட்டுத்தான் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்த பிறகு போன் பழைய ஆளின் கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்கும். எழுதியபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். கார்டு இருக்கும் இடம் காலியாக இருந்தது. சிம்மை ஒரு காகித உறையில் போட்டு உன் கணவருக்கு எடுத்து வைத்தேன்.

கணக்கு என்ற இடத்தைத் திறந்தால், அங்கே என் மெயில்.

கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. நீ இந்த போனை வாங்கி வந்த அன்று ஆய்வக மேஜையில் வைத்து நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். மெயில் கேட்டது. “எனக்கெதுக்குங் மெயிலு? யாரு எனக்கு எழுதப் போறா? உங்களதையே போடுங்,” என்றாய். போட்டேன். மறந்தும் போனேன். அதற்குப் பிறகு என் போனில் ‘தண்ணி கேன்’, ‘ஆட்டோ சிவண்ணா’, ‘பால் புதுசு’ என்று எனக்குச் சம்பந்தமில்லாத பெயர்கள் முளைத்தன. போன் சரியில்லை என்று நினைத்தேன். எதையும் சோதிக்காமல் நம்பாதே என்று முப்பது பேருக்கு எதிரில் நின்று சொல்கிறவள், இதை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

என் கணக்கை உன் போனிலிருந்து நீக்கினேன். எல்லாவற்றையும் அழி என்பதை அழுத்தினேன். உன் நான்கு எண்களைக் கேட்டது. போட்டேன். நிச்சயமா என்று இன்னொரு தடவை கேட்டது. திரை கறுத்து, கொஞ்ச நேரம் கழித்து ஒளிர்ந்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி வணக்கம் சொன்னது, இதுவரை யாரையுமே சந்திக்காத மாதிரி. லேபிளை உரித்தேன். பசை போகவில்லை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ஆய்வக வாசனை வந்தது. வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக அன்று சாயங்காலம்வரை நிம்மதியாக இருந்தேன்.

சாயங்காலம் கணினியில் என் மெயிலைத் திறந்தேன். ஏதோ சந்தேகம். உன் படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. பாப்பாவின் பள்ளி ஆண்டு விழா, உன் வீட்டுத் துளசித் தொட்டி, ஆய்வகத்தில் நான் வாய் திறந்து தூங்கும் படம் ஒன்று. அதற்குக் கீழே, ஒலிப்பதிவுகள். நீ பேசப் பேச போன் ஒவ்வொன்றையும் என் கணக்கில் நகல் எடுத்து வைத்திருக்கிறது. நீ கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசியதெல்லாம் இத்தனை வருடமும் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற பழக்கம் உன்னை விடவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பெயர் வைத்திருந்தாய். அவிய. அவிய. அவிய. மாமியார். அவிய. இரண்டு இடத்தில் ‘மேடம்’. அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கடைசியில், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய வாரத்துத் தேதியில் ஒன்று: பாப்பா. நாற்பது நொடி.

மறுநாள் பாப்பா போனை வாங்க வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள், வாங்கிக் குடித்தாள். உன்னைப் போலவே டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“அம்மா போட்டோஸ் எல்லாம் திரும்ப வரும் தானே ஆன்ட்டி? அதே மெயில் போட்டா வரும்னு ஃபிரெண்ட் சொன்னா. அம்மா மெயில் ஏனு, என்ன?”

“உங்கம்மாவுக்கு மெயிலே கிடையாது,” என்றேன். அது உண்மை.

“அப்போ எல்லாம்?”

“போய்விட்டது.”

யோசிக்காமல் வந்த வார்த்தை. என் மெயிலை அங்கே போட்டால் எல்லாம் அவள் அப்பாவின் கைக்குப் போகும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் மண்டைக்குள் இருந்தது. படங்களையாவது தனியாக எடுத்து வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லிய பொய்யை இப்போது நான் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

அவள் அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “போட்டோகூடப் பரவால்ல ஆன்ட்டி. அம்மா வாய்ஸ் ஒண்ணு இருந்தா போதும். அஷ்டே, அவ்வளவுதான். திட்டுற வாய்ஸா இருந்தாக்கூட ஓகே.”

அவள் போன பிறகு ‘அவிய’ என்றிருந்ததையெல்லாம் அழித்தேன். மாமியாரையும் அழித்தேன். ‘மேடம்’ இரண்டையும் கேட்காமல் அழித்தேன், அதற்கு மட்டும் சற்று நேரம் எடுத்தது. அழித்தவை முப்பது நாள் குப்பைக்கூடையில் கிடக்கும் என்றது. அங்கேயும் போய்க் காலி செய்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன்.

‘பாப்பா’ மட்டும் இருக்கிறது. அவளைப் பற்றிய ஆற்றாமையா, அவளுக்குச் சொல்லிவிட்டுப் போன வார்த்தையா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேட்க வேண்டும், கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கேட்காமல் கொடுத்தால் அதில் இருப்பது அவள் அப்பாவைப் பற்றியதாக இருக்கலாம். அழித்தால் அவள் கேட்ட அந்த ஒன்றையும் நானே அழித்தவளாவேன். நான்கு வாரமாகத் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, மூடுகிறேன். நீ இருந்தபோது சாத்தியிருந்த கதவைத் தட்டாமல் நூலகப் பக்கம் போன அதே ஆள்தான் நான்.

சற்று முன் உன் கணவரைத் திரும்ப அழைத்தேன். படங்கள் என்னிடம் இருக்கின்றன, பாப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள், நானே அவளிடம் சொல்கிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

“அவ என்னைப் பத்தி எதாச்சும் சொல்லியிருக்காளா மேடம்?”

“நான் எதையும் கேட்கவில்லை,” என்றேன். அதுவும் உண்மைதான்.

அவள் ஞாயிற்றுக்கிழமை வருவாள். படங்களைக் கொடுப்பேன். பிறகு உன் குரல் இருக்கிறதா என்று கேட்பாள், உன் மகள்தானே, விடமாட்டாள். அந்த நாற்பது நொடி என் பெயரில், என் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும். நீ சொன்னபடி அலசினேன், மூன்று தடவை அலசினேன். தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். துளி நிற்கிறது.