முப்பத்தைந்து லென்ஸும் பொன்னழகின் மூக்குத்தியும்

5-2-1972

கேமராவின் பழைய ஐம்பது எம்.எம். லென்ஸில் பூஞ்சை ஏறிவிட்டது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இருக்கிற காசுக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். கல்யாணத்துக்கும் அதுதான், ஸ்டூடியோவில் முகம் எடுக்கவும் அதுதான்.

திருச்சிக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். இன்னொரு ஐம்பது, விலை கூடுதல். ஒரு முப்பத்தைந்து, விளிம்பில் கீறல், மலிவு. முப்பத்தைந்தை மாட்டிப் பார்த்தால் கடையே உள்ளே வந்துவிட்டது! எங்கள் நெற்குப்பை வீடுகளின் வளவு முற்றம் தூண்களோடு ஒரே படத்தில் விழுமே. "கிட்டப் போயி முகம் எடுக்கத்தான் இது சரிப்படாது" என்றார் கடைக்காரர். விற்காத ஐம்பதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்தோடுதான் பஸ் ஏறினேன்.

"இனிமே எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்று சிட்டாளிடம் பீற்றிக்கொண்டேன். பெண்டாட்டியாவது மெச்சட்டுமே.

11-2

அமராவதிபுதூரில், எனக்கு அண்ணன் முறையான கருத்தையாவின் தம்பி மகனுக்குக் கல்யாணம். மொத்தச் சனமும் ஒரே படத்தில். ஒருத்தர் தோள்கூட வெட்டுப்படவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன்.

24-2

கருத்தையா அண்ணன் மகள் பொன்னழகைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். திருப்பத்தூர் மாப்பிள்ளை வீட்டார் போட்டோ கேட்டிருக்கிறார்களாம். முகம் பெரிதாக வர வேண்டுமென்று மூக்குக்கு நேரே கேமராவைக் கொண்டுபோனேன். "இம்புட்டுக் கிட்டவா சித்தப்பா?" என்று அந்தப் பெண் பின்னால் சாய்ந்தது. ஆடாமல் உட்காரச் சொன்னேன்.

கழுவிப் பார்த்தால், மூக்கு முன்னால் வந்து நிற்கிறது. காது இரண்டும் பின்னால் ஓடிவிட்டன. மூக்கின் இரு பக்கமும் பென்சிலால் நிழல் தீற்றினேன். இன்னும் மோசம்.

மறுபடி வரச் சொல்லலாம். சொன்னால் புது லென்ஸ் சரியில்லை என்று ஊரே பேசும். நாளைக்கு அப்படியே கொடுத்துவிட வேண்டியதுதான்.

17-3

படம் திரும்பி வந்துவிட்டது. அண்ணன் அதை மேசைமேல் வைத்தார். "மூக்கு பெருசா இருக்காம் தம்பி. வேணாம்னுட்டாக. நெசமாவே அப்படியா இருக்கு? பெத்தவனுக்குத் தெரிய மாட்டேங்குதோ?"

அந்த நேரத்தில் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "கேமரா உள்ளதத்தான் காட்டும்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இதை எழுதும்போதே கை கூசுகிறது. த்தூ.

18-3

படத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

2-4

சிட்டாள் சந்தையில் பொன்னழகைப் பார்த்தாளாம். "மூக்குத்தியக் கழட்டிப்புட்டா. அது கெடந்தா மூக்கு இன்னும் பெருசாத் தெரியுதுன்னு யாரோ சொன்னாகளாம். முந்தானைய மூஞ்சிக்குக் குடுத்துக்கிட்டே பேசுறா. அவளுக்கு என்ன கொறச்சல்? நீங்க எடுத்த போட்டோவுலதான் அப்படி இருக்கு."

எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும் என்று அவளிடமும் சொல்லவில்லை. அந்த ஐம்பதை வாங்கினால் சரியாகிவிடும் என்றேன். கழற்றித் தரக் காதுத் தோட்டில் கை வைத்தாள். சீ, அதையும் வாங்கி விற்கவா? வேண்டாம் என்றேன்.

6-4

கல்யாண நெகட்டிவை எடுத்தேன். பெண்கள் கூட்டத்தில் கடைசி வரிசையில் பொன்னழகு நிற்கிறது. அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். கொஞ்சம் பொரிபொரியாக வந்தது, ஆனால் அச்சு அசல் அவள்தான். எத்தனை லட்சணமான மூக்கு!

அதே லென்ஸ். அதே பெண். தள்ளி நின்று எடுத்து, முகத்தை மட்டும் பெரிதாக்கியிருந்தால் போதும். என் ஸ்டூடியோ ஏழடி அறை. தள்ளி நிற்க வேண்டுமானால் கேமராவோடு தெருவில் இறங்க வேண்டும். செலவு? ஒன்றுமில்லை. இத்தனை நாள் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேனே, எவ்வளவு சௌகரியமாக.

7-4

அமராவதிபுதூர் போனேன். இரண்டு படத்தையும் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் தீற்றியதைக்கூட.

அண்ணன் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "உள்ளதத்தான் காட்டும்னியேப்பா" என்றார். அடித்திருக்கலாம்.

திருப்பத்தூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதாம். நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். எதற்கு என்றார்.

பொன்னழகு கதவுக்குப் பின்னால் நின்றது. "அப்ப என் மூஞ்சில ஒண்ணும் இல்லையா சித்தப்பா?"

"ஒண்ணும் இல்லத்தா. தப்பு என் மேல."

"அப்படின்னா உங்க மூஞ்சிய அதே மாதிரி கிட்ட வச்சு எடுத்து, கடை வாசல்ல மாட்டுங்க. என் மூஞ்சி இப்படியான்னு நாங் கேட்டுக்கிட்ட கேள்விய நீங்களுங் கேளுங்க."

சிரிக்காமல் சொன்னது.

10-4

மாட்டிவிட்டேன். வாசல் கண்ணாடிப் பெட்டியில், நல்ல படங்களுக்கு நடுவில். நான் பார்க்க மூக்கோடு முளைத்த கத்திரிக்காய் மாதிரி இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்கிறார்கள். பொன்னழகின் பெயரைச் சொல்லாமல் மற்றதைச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகம் சுடுகிறது. இரண்டு பேர் சொன்ன வேலையை வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

29-4

"இன்னுமா அந்தக் கண்றாவியக் கழட்டல?" என்றாள் சிட்டாள். மாட்டச் சொன்னவள் கழற்றச் சொல்லவில்லையே.

21-5

பொன்னழகு அப்பாவோடு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என் மூக்கைப் பார்த்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசவுமில்லை.

"ஒரு படம் எடுங்க சித்தப்பா."

மூக்குத்தி போட்டிருந்தது. துளை தூர்ந்துபோய், ஆசாரியிடம் மறுபடி குத்தினார்களாம். ஓரம் இன்னும் சிவந்திருந்தது.

உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் தெருவில் இறங்கி, எதிர்ச்சாரி வரை பின்னால் போனேன். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டினார்கள். எடுத்தேன்.

"எந்த ஊருக்கு அனுப்ப?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. எங்க வீட்டுல மாட்ட."

சாயங்காலம் கழுவினேன். ஈரப் படத்தில் மூக்குத்தி சின்ன வெள்ளைப் புள்ளியாக வந்திருந்தது. பென்சிலைத் தொடவில்லை.