மூன்றாம் ரீலில் மயக்கம்

மார்ச் 1, சனி

காலையிலிருந்து மழை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய், மறந்தாயிற்று. கமலம் மறுபடியும் அந்த விண்ணப்பப் பாரத்தை மேசையில் வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வார்டு வேலை. புருஷன் கையெழுத்து வேண்டுமாம்.

"நாட்டுக்கு மெர்டேக்கா வந்துருச்சு. இந்த வீட்டுக்கு எப்ப வருமாம்?"

சுதந்திரம் கேட்கிறாள்; வாய் மட்டும் எட்டு ஊருக்கு. ஆனால் முடியாது. ஆறு வருஷத்துக்கு முன், கொட்டகையில் புளியமரத்துப் பேய்ப்படம் ஓடும்போது, நடைபாதைக்கு அந்தப் பக்கப் பெண்கள் வரிசையிலிருந்து மயங்கி என் மேல் விழுந்தவள். எங்கள் கல்யாணமே அதனால்தான். இவளா வார்டில் ரத்தம் பார்ப்பாள்?

மதிய ஆட்டம் தனியாக. அதே பேய்ப்படம், இப்போது சிங்கப்பூரில் மலாய் மொழியில் எடுத்தது. க.வைக் கூப்பிடவில்லை. பயந்த சுபாவம்.

என் கருத்து: புளியமரம் வாழைத்தோப்பாகிவிட்டது. பேய்க்குப் பல் அதிகம். சிரிப்பு நன்று. மூன்றாம் ரீல், பேய் தொட்டிலை எட்டிப் பார்க்கும் இடத்தில் மஞ்சள் கெபாயா சட்டை போட்ட பெண் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். க. ஞாபகம். வரும் வழியில் அவளுக்கு அப்பம் வாங்கினேன்.

மார்ச் 3, திங்கள்

வெயில். ஆபீசில் வேலை ஓடவில்லை, எல்லாம் பேய்ப் பேச்சு.

பக்கத்து மேசை செட்டி (பரம்பரையாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது, மலாயில்தான் சொன்னார்): பேய் அழகி, அதன் புருஷன்காரனைப் பார்த்தால்தான் பயம்.

டைப்பிஸ்ட் சூசை: "பழைய பேய்க்கு ஒரு மரியாத இருந்துச்சு. இது சும்மா கத்துது."

கோப்பிக் கடை முதலாளி தவுக்கே: ரொம்ப நல்ல படம். இன்னும் பார்க்கவில்லையாம்.

வீட்டில் க.: "பேய மாத்தினா என்ன, கத அதேதானே." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஞ்சள் கெபாயாவைப் பற்றிச் சொன்னேன். அரிசி பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 8, சனி

சூசை இழுத்துப் போனான். மறுபடியும் மதிய ஆட்டம். மூன்றாம் ரீல். தொட்டில். அதே கெபாயா, அதே நாற்காலி, அதே பக்கம் சாய்கிறாள். விழுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இடைவேளையில் டிக்கெட் கிழிக்கும் முத்து அண்ணனைக் கேட்டேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

"அட, ஆள் வச்சு விழ வைக்கிறதுதான் தம்பி! வெளிய பேச்சு பரவணும்ல? பழைய படத்துக்கும் அப்படித்தான். காஜா பெராங் டெய்லர் மக ஒன்னு. என்னமா விழும்! பத்து நாள் விழுந்துச்சு. அப்புறம் யாரோ ஒரு கிராணி மேல விழுந்துட்டு, அதோட வரவே இல்ல."

சூசை சிரித்தான். நானும் சிரித்தேன். காஜா பெராங்கில் அப்போது ஒரே டெய்லர். என் மாமனார். அந்தக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, நான்.

மீதிப் படம் பார்க்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடவில்லை. ஏமாந்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் விருந்தாளிகளை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அவள் தலை குனிந்து முறுக்குத் தட்டை நீட்டுவாள். வெட்கம் என்று நினைத்தேனே, மடையன்! சாவு வீட்டுக்கெல்லாம் தனியாகப் போனேன். ஆறு வருஷமாகக் கோழி அறுப்பதும் நான்தான். உண்மையில் எனக்குத்தான் ரத்தம் ஆகாது.

மார்ச் 10, திங்கள்

மழை. ஆபீஸ் விட்டு வந்தால் கொல்லையில் இறகு. க. கோழியைத் தானே அறுத்து, கழுவி, துண்டு போட்டு வைத்திருக்கிறாள். எனக்குத் தலை சுற்றியது.

"பத்து நாள் விழுந்தியாமே?"

கத்தியைக் கீழே வைத்தாள். "ஆமா."

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க எல்லார்ட்டயும் அவ்ளோ சந்தோஷமா சொன்னீங்க. எப்படிச் சொல்றது?"

"என் மேல விழுந்ததும் கொட்டகைக்காரங்க சொல்லிக் குடுத்ததா?"

"அவங்க காட்டின எடம் தூண் ஓரம். உங்களைத்தான் ரெண்டு நாளா கோப்பிக் கடையில பாத்து வச்சிருந்தேன்."

ஆனாலும் விட மனசில்லை. "இது நெசமா? இதுவும் கொட்டகை நடிப்பா?"

மேசையிலிருந்த பாரத்தை என் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடுங்க, சொல்றேன்."

போட்டேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கறி ஆகி, சாப்பிட்டும் முடித்தாயிற்று. இன்னும் சொல்லவில்லை.