பேருந்தில் பாடம் கேட்டவள்

நேற்று விளாத்திகுளம் பேருந்தில் என் முன்னிருக்கைக்காரர் ஒரு மூட்டை மிளகாய் வத்தலைக் காலடியில் இறக்கி வைத்தார். நெடி ஏறித் தும்மினேன். உன் நினைவு வந்தது. மாசி, பங்குனியில் உன் துப்பட்டாவில் இந்த நெடிதான் இருக்கும்.

கோவில்பட்டியில் நாம் இருவரும் பொருளியல் படித்தோம். பேராசிரியர் இருமுவதைத் தவிர மற்றதையெல்லாம் நான் எழுதிவிடுவேன், மூன்று நிற மையில், அடிக்கோடு போட்டு. அப்படி எழுதியும் முதலாண்டில் இரண்டு தாள்களில் தோற்றேன். "அடுத்த தடவையும் போச்சுன்னா படிச்சது போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் வீட்டில் தொடங்கியிருந்தது.

இரண்டாமாண்டு மாசியில் உன் அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உங்கள் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்க ஆள் இல்லை. காலை வகுப்புகளை விட்டுவிட்டு நீ மதியம்தான் வருவாய். ஊருக்குத் திரும்பும் பேருந்தில் என் நோட்டை நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"நோட்டு வேண்டாம்ட்டி. வாயால சொல்லு, கேக்கேன்."

"எல்லாம் இதுல தெளிவா எழுதிருக்கேன்லா?"

"நோட்டுல இருக்கது இருக்கட்டும். ஒன் மண்டைல என்ன இருக்கு?"

அன்றைய பாடம் தேவை நெகிழ்ச்சி. விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது பற்றியது. வரையறையை ஒப்பித்தேன். நீ விடவில்லை.

"அப்பம் வத்தல் வெல கூடுச்சுன்னா ஒங்கம்மா கொழம்புல ஒறைப்பக் கொறச்சிருவாளா?"

உன்மேல் எரிச்சலோடு எட்டயபுரத்தில் இறங்கிப் போனேன். வீட்டில் அம்மா குழம்பு கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. விலை ஏறினாலும் வத்தலின் அளவை அம்மா குறைக்கப் போவதில்லை. நெகிழ்ச்சி குறைந்த பொருள் என்றால் அதுதான். மறுநாள் சொன்னேன். "இப்பம் சரி" என்றாய்.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் எழுதுவது குறைந்தது. சாயங்காலம் உனக்குச் சொல்ல வேண்டுமே என்று காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். வகுப்பு முடிந்ததும் நோட்டுப் பக்கத்தின் ஓரத்தில் கேள்விகளை எழுதுவேன். பதிலைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். நீயோ வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமைப் பாடத்தைக் கேட்பாய். எனக்குப் பாதி மறந்திருக்கும், முகம் சுண்டிப்போகும்.

"மறந்தா என்னட்டி? தேடி எடு. தேடி எடுத்தது லேசுல போவாது."

தேர்வில் பழைய தாள்களும் சேர்த்து எல்லாவற்றிலும் தேறினேன். வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு அடங்கியது. உனக்குத்தான் ஒரு தாள் போயிற்று. அந்தத் தேர்வன்று காலை உன் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் நீ எழுதவே இல்லை. நான் அழுதேன். நீ அழவில்லை. "அடுத்த தடவ எழுதுதேன். அதுவரைக்கும் மறக்காம எனக்குச் சொல்லிட்டே இரு" என்றாய். சொன்னேன். தேறினாய்.

பிறகு நீ கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டாய். நான் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன். போன ஆண்டு மருத்துவமனையில் உன்னைப் பார்த்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. நோயைப் பற்றி நான் கேட்க வாயெடுக்கும் முன் நீ முந்திக்கொண்டாய்: "இன்னைக்கு என்ன பாடம் எடுத்த? சொல்லு." பணவீக்கம் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். நடுவில் ஒரு கேள்வியும் கேட்டாய். அதுதான் கடைசி.

என் மாணவர்கள் இப்போது எதையும் எழுதுவதில்லை. மணி அடித்ததும் கரும்பலகையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நான் அவர்களை இருத்திவைத்து, "போனை உள்ளே வை, பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிக் காட்டு" என்கிறேன். சிலர் செய்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள்.

வீடு திரும்பும்போது அன்றைய பாடத்தை உதடு அசையாமல் உனக்குச் சொல்கிறேன். ஓரிடத்தில் நிறுத்தி, இங்கே நீ என்ன கேட்பாய் என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. தெரியாத நாளில், வீட்டுக்குப் போய் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கிறேன்.