சோறு வைக்கக் கூடாத மலை

என் கண்ணான தம்பி துரைசாமிக்கு,

கண்ணான தம்பி என்றேனே தவிர, கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். திட்டுகிற இடங்களை விழுங்கப் பார்க்கிறாள். விடமாட்டேன்.

அமெரிக்காவுக்கு வந்து ஃபிரிஸ்கோவில் செத்துவிட்டு, சாம்பலை அந்தப் பனிமலையில் தூவச் சொன்னாய். உன் மகன் முரளி பெர்மிட் வாங்கி, பிளெய்ன்ஸ்பரோவில் என் மகன் வீட்டில் கிடந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். என்னடா மலை அது? மரம்கூட ஏறிவர மறுத்த பாறை. லீவு கிடைத்தால் அங்கே ஓடினாயே, உன்னை யார் கூப்பிட்டார்கள்?

நீ காட்டிய போட்டோவில் ஏரிவரைக்கும் இறங்கியிருந்த பனி, இப்போது மேலே ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. நம்பிப் போன இடமே கரைந்துகொண்டிருக்கிறது. தெரிந்துதான் கேட்டாயா?

சாம்பல் தூவியதை யாரும் தடுக்கவில்லை. பிறகு நான் டப்பாவைத் திறந்து, எள்ளுச்சோற்றை உருட்டிப் பாறைமேல் வைத்தேன். காக்கையைவிடப் பெரிய கறுப்புப் பறவை ஒன்று தத்தித் தத்தி வந்தது. நீதான் என்று நினைத்தேன். காவலுக்கு இருந்த ரேஞ்சர் பெண் கைதட்டி விரட்டிவிட்டாள்.

"பெரியப்பா, ப்ளீஸ், எடுத்துடுங்க. இங்க எந்த அனிமலுக்கும் ஃபீட் பண்ணக் கூடாதாம். கரடி பழகிடும்ங்கறாங்க."

"கரடிக்காடா வெச்சேன்? எங்கப்பன் பெத்த புள்ளைக்கு வெச்சேன்!"

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு எப்படி பெரியப்பா எக்ஸ்ப்ளெயின் பண்றது?"

அவள் மரியாதையாகத்தான் நின்றாள். அதுதான் இன்னும் எரிச்சல். உனக்கு வைத்த சோற்றை நானே திரும்ப டப்பாவுக்குள் அள்ளினேன். வைத்ததை எடுக்கலாமா? இந்தக் கையால் எடுக்க வைத்துவிட்டாயே. அந்தப் பறவை தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

சின்னவன் நீ முந்திக்கொண்டாய், சரி. ஒரு வாய் சோறு போட முடியாத இடத்தையா தேடிப் பிடிப்பாய்?

மார்கழியில் உன் முதல் திதி. அப்போது அந்தப் பாதையைப் பனி மூடிவிடுமாம், வண்டி போகாதாம். திறந்திருந்தாலும் நான் போவதாக இல்லை. ஃபிரிஸ்கோவில் உன் வீட்டுப் பின்பக்கம் இலை போடுவேன். நான் இருக்கிறவரை வருஷம் தவறாது, இது சத்தியம். பசித்தால் இறங்கி வா. நான் மேலே வரமாட்டேன்.

இலையோடு காத்திருக்கும்,
உன் அண்ணன்