பன்னிரண்டு ஞாயிறு

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனையில் ஜெபத்துக்கான நோயாளிகள் பட்டியலை வாசித்தேன். என் மனைவியின் பெயருக்கு இது பதினோராவது வாரம். எல்லாப் பெயரையும் வாசிக்கிற அதே குரல்தான். இருபத்தாறு வருடம் பேராலயக் குருவாக இருந்ததில் மிஞ்சியது இந்தக் குரல் மட்டும். வீட்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்தால் ஜெபிக்க வாயே வருவதில்லை.

"இன்னைக்கு என் பேரை வாசிச்சீங்களா?"

வாசித்தேன் என்றேன்.

"அப்ப இந்த வாரம் தாங்கும்" என்று சிரித்தாள்.

ஜூலை 10

பன்னிரண்டு வாரத்துக்கு மேல் யார் பெயரும் பட்டியலில் இருக்கக் கூடாது. சட்டம் போட்டது யார்? நானேதான். ஆராதனை நீளுகிறதென்று பேராயரிடம் புகார் போனதும், நல்ல பிள்ளையாக எழுதிக் கொடுத்தேன்.

போன வருடம், எங்கள் சபைத் தையல்காரம்மா அங்கி மாற்றும் அறை வாசலில் வந்து நின்றார். படுக்கையில் கிடக்கும் மகனின் பெயரை எடுக்க வேண்டாமென்று கெஞ்சினார். "கர்த்தருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமேம்மா" என்றேன். என்ன திமிர் எனக்கு.

ஜூலை 14, ஞாயிறு

பன்னிரண்டு.

ஜூலை 20, சனி

ஆலயப் பணிவிடை பார்க்கும் கோவில்பிள்ளை நாளைய பட்டியலைக் கொண்டுவந்தார்.

"ஐயா, அம்மா பேரு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே. யாரு எண்ணப் போறாங்க?"

தையல்காரம்மா எண்ணுவார். எடுத்துவிடுங்கள் என்றேன். நியாயமா, வீம்பா? எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அவள் பெயர் இல்லாமல் வாசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதே கேள்வி.

வாசித்தேன் என்று சொல்லிவிட்டேன். பாவி.

"அப்ப இந்த வாரமும் தாங்கும்" என்றாள்.

பக்கத்து அறையில் மண்டியிட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எதிரில் கேட்கிறவர் இருக்கிறாரா? இத்தனை வருடம் நான் பேசினது வெறும் சுவரிடமா? அப்படியென்றால் எதற்கு இந்த அங்கி — எதற்கு இந்தப் பிழைப்பு?

ஜூலை 26, வெள்ளி

தாங்கவில்லை. காலை பத்து மணிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 27, சனி

அடக்கம் முடிந்தது. பேராயர் நடத்தினார். நான் எதையும் வாசிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு தையல்காரம்மா வந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க அம்மா பேரை விட்டுட்டீங்க ஐயா. பின் வரிசையில நான் மெதுவா சொல்லிட்டேன். என் மகன் பேரையும் வாராவாரம் அப்படித்தான் சொல்லிக்கிறேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன். அழுதேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சட்டத்தை எடுத்துவிட்டேன். இன்று எழுபத்து மூன்று பெயர், முதலில் தையல்காரம்மாவின் மகன். பதினோரு நிமிடம் ஆயிற்று. முன் வரிசையில் இருமினார்கள். கேட்கிறவர் இருக்கிறாரா என்பது இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் விரிப்பு கூட இல்லை.

"வாசிச்சேன்" என்றேன்.